மூக்கு என்னுடையது, நாக்கு அவருடையது

போன மாதம் ஒரு பெண் எனக்கு ஃபோன் செய்தாள். அமெரிக்காவின் கிழக்கே, வெஸ்ட் வின்ட்சரில் பிறந்து வளர்ந்தவள். கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒயின் தயாரிப்பு படித்துவிட்டு, இப்போதுதான் ஒரு திராட்சைத் தோட்டத்தின் செல்லாரில், அதாவது ஒயின் ஊறும் கிடங்கில், வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் தமிழில் பேச, அவள் இங்கிலீஷில் பதில் சொல்ல, பேச்சு நன்றாகத்தான் போனது. ஃபோனை வைக்கப்போகும் நேரத்தில், அதுவரை தமிழே பேசாதவள், தமிழில் கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் டிரிங்க் பண்றதே இல்ல. செல்லார்ல எல்லாரும் சிரிக்கறாங்க. நான் இந்த வேலைக்கு லாயக்கு இல்லையா?"

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. "சிரிக்கிறவனைக் கண்ணைக் கட்டி பீப்பாய் முன்னால நிக்க வை, அப்புறம் பேசச் சொல்லு" என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். ஃபோனை வைத்த பிறகு, அது போதாது என்று தோன்றியது. அவளுக்கு மட்டுமில்லை, இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீங்கள் இப்போது நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். நான் வந்தபோது நான் ஒருத்திதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இட்லி மாவுக் கதையை எதிர்பார்த்து யாரும் மேலே படிக்க வேண்டாம். முப்பது வருஷமாக ஒவ்வொரு பத்திரிகைக்காரரும் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்ததால்தான் உங்களுக்கு ஒயின் வந்ததா என்று. நான் மெட்ராஸில் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. படித்தவள். எங்கள் வீட்டு மாவு பாதி நாள் பொங்கவே பொங்காது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் என் கணவருக்கு சன்னிவேலில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து மருந்துக் கம்பெனிகளுக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கில்ராய்க்குப் பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டத்தில் லேப் அசிஸ்டன்ட் வேண்டும் என்று விளம்பரம் பார்த்தேன். நேரே போய் நின்றேன்.

என்னை இன்டர்வியூ செய்தவர் அந்தக் குடும்பத்தின் பெண், ஒயின்மேக்கர். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு. பெயர் சொல்லமாட்டேன், அந்தக் குடும்பத்தார் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான் அவரை 'அந்த அம்மா' என்றுதான் எழுதப்போகிறேன். இங்கிலீஷில் நீ, நீங்க என்ற வித்தியாசம் இல்லை என்றாலும், என் மனதில் அவருக்கு எப்போதும் 'நீங்க'தான். அவர்கள் பேசியது இங்கிலீஷ், எனக்கு நினைவிருப்பது தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

"நீ குடிப்பியா?"

"இல்ல."

"இனிமே?"

"மாட்டேன்."

"நல்லதாப் போச்சு. முன்னாடி இருந்த ஆள் பாதி சாம்பிளைக் குடிச்சே தீர்த்துட்டான். நாளைக்கே வந்துடு."

வேலை கிடைத்துவிட்டது. வெளியில் சொல்லத்தான் என் கணவர் கூச்சப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோகும் பாட்லக் விருந்தில் யார் கேட்டாலும் "ஃப்ரூட் ப்ராசஸிங்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவார். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை, "ஒயின் கம்பெனி மாமி. திராட்சைய நொதிக்க வெச்சு சாராயமாக்கற வேலை" என்று நானே சொன்னேன். அந்த மாமி என் பாத்திரத்திலிருந்து தயிர்சாதம் போட்டுக்கொள்ளவில்லை. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டுக்கொள்ளவில்லை.

"எதுக்குடி வம்பு? ஜூஸ்னு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார் என் கணவர், காரில் வரும்போது.

"நான் ஒழுங்கா செய்யற வேலைக்கு நீங்க ஏன் வேற பேர் வெக்கறீங்க?" என்றேன். மிஞ்சின தயிர்சாதத்தை இரண்டு நாள் நாங்களே சாப்பிட்டோம்.

இனி அந்த அம்மாவைப் பற்றி. அப்போது எல்லாத் தோட்டத்திலும் திராட்சைச் சாற்றில் பாக்கெட் ஈஸ்ட் போட்டு, ஒயினை வடிகட்டி, பளபளவென்று பாட்டிலில் அடைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இந்த அம்மா பாக்கெட்டைத் தொடமாட்டார். பழத்தின் தோலில் தானாக ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டே போதும் என்பார். வடிகட்டவும் மாட்டார். பீப்பாயின் அடியில் தங்கும் மண்டியோடு சேர்த்தே மாதக்கணக்கில் ஒயினை ஊற வைப்பார். அவருடைய அப்பா நட்ட பழைய கொடிகளிலிருந்து கறுப்பாக, கெட்டியாக ஒரு சிவப்பு ஒயின் செய்தார். அதை வாங்க சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சில பேர் மலையேறி வருவார்கள். மற்ற எல்லோரும் அவரைப் பைத்தியம் என்றார்கள்.

அவருடைய அண்ணன் அப்படி வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அவரும் அப்படித்தான் நினைத்தார். அந்தச் சமயத்தில் அமெரிக்கா முழுக்க இளஞ்சிவப்பில் ஒரு இனிப்பு ஒயின் விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த அதே சிவப்புத் திராட்சையில் அதையும் செய்யலாம். பீப்பாய் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பறித்த வருஷமே விற்றுவிடலாம். அண்ணன் அதற்காகத் துடித்தார். ஆனால் நிலம்தான் இருவருக்கும் பொது. செல்லாரில் என்ன செய்வது என்பது, அந்த அம்மா ஒயின்மேக்கராக இருக்கும்வரை அவர் முடிவு. அப்பா அப்படித்தான் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. குருவே நமஹ என்று கைகூப்பும் கதை இல்லை இது. நான் எதைக் கேட்டாலும் "நீதானே படிச்சவ" என்பார். நான் சொன்னதைக் கேட்கவும் மாட்டார். வாரத்துக்கு ஒரு தடவையாவது கத்திச் சண்டை போடுவோம். சண்டை முடிந்ததும் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வருவார், கழுநீர் மாதிரி இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் வசந்தத்தில், மலைப்பாதையில் அந்த அம்மாவின் பிக்கப் வண்டி கவிழ்ந்தது. பின்தலையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கொஞ்ச நாளில் பழையபடி கத்த ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் நிம்மதி அடைந்தோம்.

கில்ராயில் வேலை பார்த்தவர்களுக்குப் பூண்டுக் காற்று தெரியும். கோடையில் ஊரைச் சுற்றி வயல் வயலாகப் பூண்டு காயும். காற்று திரும்பினால் மலை வரை அந்த வாசனை ஏறி வரும். பூண்டே நுழையாத ஸ்ரீரங்கத்து வீட்டில் பிறந்தவள் நான், எனக்கு முதல் வருஷம் தலை சுற்றியது. அந்த அம்மாவுக்கோ அது ஜென்மப் பகை. ஒயின் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார். காற்று திரும்பிய அடுத்த நிமிஷம், "சாத்து, சாத்து!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து செல்லாரின் பெரிய கதவுகளைத் தானே இழுத்துச் சாத்துவார்.

அந்த ஆகஸ்டில் பூண்டுக் காற்று வந்தது. அந்த அம்மா திறந்த கதவுக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து, நிதானமாக சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கதவைச் சாத்தினேன். "ஏன் சாத்தறே? புழுங்குது" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து. ஒண்ணுமே வரல. சோப்பு, பெட்ரோல், ஒயின், ஒண்ணும் இல்ல."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போனது போனதுதானாம்." பிறகு, "எங்க அண்ணன்கிட்ட சொல்லப்போறியா?" என்றார்.

வாசனை தெரியாத ஒயின்மேக்கர், ஒயின்மேக்கரே இல்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பழைய கொடிகளின் பழமெல்லாம் இனிப்பு ஒயினுக்குப் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"என் நாக்கு சரியாத்தான் இருக்கு. புளிப்பு, துவர்ப்பு, சூடு, எல்லாம் தெரியுது. உன் மூக்கு எப்படி?"

இங்கேதான் அந்த ஸ்ரீரங்கத்து வீட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணாமல், அதாவது படைக்காமல், யாரும் சாப்பிட முடியாது. அதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் அது எச்சில். அதனால் சமைக்கும்போது ருசி பார்க்கவே கூடாது. உப்பு சரியா, புளி பச்சையாக நிற்கிறதா, எல்லாம் கொதிக்கும் ஆவியிலேயே தெரிந்தாக வேண்டும். என் அம்மா ரசம் கொதிக்கும்போது கூடத்திலிருந்தே "உப்பு பத்தல" என்பார். எட்டு வயதிலிருந்து நானும் அப்படித்தான் சமைத்தேன். சன்னிவேல் வீட்டிலும் அப்படித்தான். இதில் பெருமை ஒன்றுமில்லை. வேறு வழி தெரியாது, அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். கெக்கெக்கே என்று சிரித்தார். "அப்ப நீ குடிக்கவே வேண்டாம். நான் முகரவே வேண்டாம். ரெண்டு அரைக் கிறுக்கு சேர்ந்து ஒரு முழுக் கிறுக்கு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பீப்பாய்க்கும் முன்னால் இரண்டு பேரும் நிற்போம். ஒயின் கிளாஸ் முதலில் என் மூக்குக்கு வரும், பிறகு அவர் வாய்க்குப் போகும். நான் சொல்லும் வாசனையையும் தன் நாக்கில் தெரிவதையும் சேர்த்துத்தான் முடிவு எடுப்பார். வெளி ஆட்கள் இருந்தால், முன்கூட்டியே நான் சொன்னதை அவர் தன் வாயால் சொல்லுவார்.

அந்த வருஷ அறுவடை வந்தது. "இதுதான் நான் செய்யப்போற கடைசி ஒயின்" என்றார். "இது நல்லா வந்தா பழைய கொடிய யாரும் தொட முடியாது. கெட்டுப்போனா அண்ணன் ஜெயிச்சாச்சு."

குளிர்காலத்தில் பீப்பாய்கள் நாற ஆரம்பித்தன.

நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. செல்லாருக்குள் நுழைந்தாலே குமட்டும். வேலையாட்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டார்கள். அண்ணன் வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்டைக் கூட்டி வந்தார். பெரிய படிப்புப் படித்தவர், டை கட்டியிருந்தார். இரண்டு பீப்பாயை முகர்ந்துவிட்டு, "இது கந்தக நாற்றம். பாக்கெட் ஈஸ்ட் போடாததால வந்த வினை. சுத்தமா வடிகட்டி டேங்கர்ல ஏத்தி, வந்த விலைக்கு வித்துடுங்க. வேற வழியில்ல" என்றார். அவர் முட்டாள் இல்லை. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அன்று யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் எல்லாப் பீப்பாயையும் முகர்ந்தேன். காலையில் ஒருமுறை, வெயில் ஏறியதும் ஒருமுறை, கிளாஸில் ஊற்றி ஆற வைத்து மறுபடி ஒருமுறை. எனக்கு அந்த நாற்றம் பயமாக இல்லை. கல் பெருங்காயத்தை டப்பாவில் வைத்து மூடினால் அலமாரியே நாறும். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கிறாள். அதே பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தால் அவளே என்ன சமையல் என்று கேட்பாள். அதுவும் கந்தகம்தான். இந்த ஒயினில் இருந்ததும் அந்த வகை. கிளாஸில் ஆற ஆற, நாற்றத்துக்கு அடியிலிருந்து பழம் எழுந்து வந்தது. நாளைக்கு நாள் கொஞ்சம் முன்னால் வந்தது. "காத்திருங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் கன்சல்டன்டைப் பார்த்தார்.

வசந்தத்தில் ஒரு காலை, செல்லாரின் மேஜையைச் சுற்றி நான்கு பேர் நின்றோம். அண்ணன், கன்சல்டன்ட், அந்த அம்மா, நான். முடிவெடுக்கும் நாள் அது. அண்ணன் தானே உள்ளே போய் ஒரு கிளாஸில் ஒயின் கொண்டுவந்து தங்கையின் முன்னால் வைத்தார்.

"உன் பீப்பாய்லேர்ந்துதான் எடுத்தேன். இன்னிக்கு எப்படி இருக்குன்னு நீயே சொல்லு."

நான் மேஜையின் மறுபக்கம் இருந்தேன். கிளாஸ் வந்த அதே நேரம் வாசனையும் வந்தது. வனிலா. பிறந்தநாள் கேக்கில் போடும் அதே வனிலா எசென்ஸ், தாராளமாக ஊற்றியிருந்தார்கள். மூக்கு இருக்கிற எவருக்கும் அரை நொடியில் சிரிப்பு வந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கிளாஸைத் தூக்கி, வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோய், ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார்.

"இன்னும் அதே நாத்தம்தான். ஆனா கொறையுது. கோடைக்குள்ள போயிடும்" என்றார்.

அண்ணன் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தார் என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். "அதுல வனிலா இருக்கு" என்று மெல்லச் சொன்னார். "எப்பலேர்ந்தும்மா இப்படி?"

அந்த அம்மா கிளாஸை மேஜையில் வைத்தார். அழுவார், அல்லது கிளாஸை வீசுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"வண்டி கவிழ்ந்ததுலேர்ந்து. ஒரு வருஷமா எனக்கு வாசனை கிடையாது. ஒரு வருஷமா இவதான் என் மூக்கு. பெருக்குற ஆள்லேர்ந்து உன் கன்சல்டன்ட் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. அப்ப மூக்கு நல்ல மூக்குதானே?"

கன்சல்டன்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார், அங்கே ஒரு ஆள் நிற்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல. "இவங்களா? இவங்க ஒரு வாய்கூடக் குடிக்கறதில்லன்னு சொன்னாங்களே!"

"குடிக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப ஒண்ணு செய்யலாம். நான் அஞ்சு கிளாஸ் வெக்கறேன். எது எதுன்னு சொல்லுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தப் பரீட்சையில் நான் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன். அதனாலேயே எழுத மறுத்தேன். அந்த அம்மாவுக்கு எசென்ஸ் ஊற்றி வைத்த அதே மேஜையில் நான் ஏன் போய் உட்கார வேண்டும்? ஒருவர் வைக்கிற பரீட்சைக்கு உட்கார்ந்துவிட்டால், ஆயுசு முழுக்க அவரே கேள்வி கேட்பார். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்.

"உங்க கிளாஸ் வேண்டாம்" என்றேன். "பீப்பாய் அங்க இருக்கு. எல்லாரும் வாங்க. ஒவ்வொண்ணுக்கும் இது தேறும், இது தேறாதுன்னு இப்பவே உங்க முன்னாடி சொல்றேன். அடுத்த அறுவடைக்கு இந்தப் பீப்பாய் காலியாகணும். அதுக்கு முன்னாடி வந்து நீங்களே முகர்ந்து பாருங்க. நான் தப்புன்னா எல்லாத்தையும் டேங்கர்ல ஏத்துங்க, என்னையும் சேர்த்து."

அண்ணன் தலையசைத்தார். உள்ளே போனோம். நான் வரிசையாக முகர்ந்துகொண்டே போனேன். "தேறும். தேறும். இது மெதுவா, ஆனா தேறும்." என் பின்னால் அந்த அம்மாவின் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒவ்வொரு 'தேறும்'முக்கும் அது கொஞ்சம் லேசானது.

கடைசி வரிசையில் இரண்டு பீப்பாய். வீட்டுக்குப் பின்னால் அவருடைய அப்பா முதன்முதலில் நட்ட கொடிகளின் ஒயின் அது. அவர் மற்ற எதையும்விட அதைத்தான் நேசித்தார். தனக்குத் தெரியாத வாசனையை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதும் அதைப் பற்றித்தான். முந்தின வாரம்வரை எனக்கு அதில் சந்தேகம்தான், நிச்சயமில்லை. அன்று காலை நிச்சயமாகிவிட்டது. அது பெருங்காயம் இல்லை. ஊறப் போட்டு மறந்துபோன உளுத்தம்பருப்பின் வாசனை. அதை எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் போகாது, கொட்டத்தான் வேண்டும்.

கன்சல்டன்ட் என் பக்கத்திலேயே நின்றார். நான் இதையும் தேறும் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என் பக்கம், நான் அவர் பக்கம், எதிரில் இரண்டு பேர். அந்த நேரத்தில் நம்மவரை விட்டுக்கொடுப்பதா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"இந்த ரெண்டும் தேறாது" என்றேன். "கெட்டுப்போச்சு. இன்னிக்கே வெளிய கொட்டணும், இல்லேன்னா மத்ததுக்கும் பரவும்."

"என்ன சொன்னே?" அந்த அம்மாவின் குரல் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். "அது எங்க அப்பாவோட கொடி! உனக்கு என்ன தெரியும் அதப்பத்தி?"

"கொடியப்பத்தித் தெரியாது. வாசனை தெரியும்."

"இன்னொரு தடவ பாரு."

"பார்த்தாச்சு. நூறு தடவ பார்த்தாலும் இதான். என் மூக்கு வேணும்னா அது சொல்றத முழுசாக் கேக்கணும். உங்களுக்குப் பிடிச்சத மட்டும் சொல்ல நான் எதுக்கு?"

அவர் என்னை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அப்படி ஒரு முகம். பிறகு திரும்பி, சுவரில் மாட்டியிருந்த மரச் சுத்தியலை எடுத்தார். முதல் பீப்பாயின் அடைப்பைத் தட்டித் தட்டித் தளர்த்திப் பிடுங்கி எறிந்தார். ஒரு ஆளைக் கூப்பிட்டு, பீப்பாயை உருட்டிக் கவிழ்க்கச் சொன்னார். சிவப்பாக, கெட்டியாக, ஒயின் சாக்கடையை நோக்கி ஓடியது. இரண்டாவதையும் அவரே திறந்தார். அண்ணன் தடுக்க வந்தார், கையை உதறிவிட்டார். அப்பாவின் ஒயின் கடைசிச் சொட்டு போகும்வரை அங்கேயே நின்றார்.

அண்ணன் காலியான பீப்பாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கன்சல்டன்டைப் பார்த்து, "அறுவடை வரைக்கும் பொறுக்கலாம்" என்றார். நான் தேறும் என்று சொன்ன பீப்பாய்களால் அல்ல, கொட்டச் சொன்ன அந்த இரண்டு பீப்பாய்களால்தான் அவர் என்னை நம்பினார் என்பது எனக்கு வீடு போகும் வழியில்தான் உறைத்தது. எதிர்த்து நிற்பது என்றால் நம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் நல்லது என்று சாதிப்பது இல்லை. கெட்டதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு நாம் நல்லது என்று சொல்வதை மறுக்க யாருக்கும் வாய் வராது.

அந்த அம்மா ஒரு மாதம் என்னோடு வேலை விஷயம் தவிரப் பேசவில்லை. காப்பியும் வரவில்லை. எனக்கு அது வலித்தது. ஆனாலும் தினமும் கிளாஸை முதலில் என் கையில்தான் கொடுத்தார்.

கோடை வந்தது. ஒன்று, இரண்டு என்று பீப்பாய்கள் தெளிந்தன. சில அழிச்சாட்டியம் செய்தன, நான் தூக்கமில்லாமல் அலைந்தேன். ஆகஸ்டில் ஒரு பிற்பகல் பூண்டுக் காற்று திரும்பியது. நான் "சாத்துங்க, சாத்துங்க!" என்று கத்த, அந்த அம்மா ஓடிவந்து ஒரு கதவை இழுக்க, நான் மறுகதவை இழுத்தேன். கதவைச் சாத்தி நிமிர்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். நாற்றம் இல்லை. எந்த மூலையிலும் இல்லை.

நான் நின்ற விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு கிளாஸில் ஊற்றி என் கையில் கொடுத்தார். முகர்ந்தேன். பிறகு அவர் ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்து, முதல்முறையாகத் துப்பாமல் விழுங்கினார்.

"நாக்கு சரிங்குது" என்றார். "வாசனை சொல்லு. அந்தப் புஸ்தக வார்த்தை வேண்டாம். பெர்ரி, ஓக், மண்ணாங்கட்டி, ஒண்ணும் வேண்டாம். இது நான் செஞ்சது. என்னதான் செஞ்சிருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

அதற்கு எனக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடைக்கவில்லை.

"உன் பாஷைல சொல்லு" என்றார்.

சொன்னேன். "நாவப்பழம் தின்னுட்டு, கைய சட்டைல தொடச்சு, மறுநாள் அந்தச் சட்டைய எடுத்தா வருமே, அது. அதுக்குப் பின்னாடி மிளகு, இப்பத்தான் இடிச்சது. அதுக்கும் பின்னாடி கோயில் தேர்வடம், வெயில்ல காஞ்ச கயிறு. அம்மா புளியக் கரைச்சு வெச்சுட்டு, அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி கூடத்துக்கு வருவாளே, அந்தக் கை. கடைசில, ரொம்பக் கடைசில, ஒரு துளி பெருங்காயம், பொரிஞ்சது. எதையும் ஒளிக்கல. தான் பட்ட பாட்டையெல்லாம் அது ஞாபகம் வெச்சிருக்கு. உங்கள மாதிரியே இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. நடுவில் நிறுத்தவுமில்லை, என்ன அர்த்தம் என்று கேட்கவுமில்லை.

அறுவடைக்கு முன்னால் அண்ணன் வந்து முகர்ந்து பார்த்தார், டேங்கரைக் கூப்பிடவில்லை. பழைய கொடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. இளஞ்சிவப்பு ஒயினின் மவுசு போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. பாக்கெட் ஈஸ்ட் போடவில்லை, வடிகட்டவில்லை என்று இப்போது எல்லோரும் பாட்டிலில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். அந்த அம்மாவைப் பைத்தியம் என்றவர்களின் பிள்ளைகளும் அச்சடிக்கிறார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அந்த செல்லாரில் ஒயின்மேக்கர் நான். இருபத்தைந்து அறுவடை பார்த்தேன், ஒரு வாய் குடித்ததில்லை.

ஆகவே, வெஸ்ட் வின்ட்சர் பெண்ணே, நீ லாயக்கா என்று என்னைக் கேட்காதே. செல்லாரில் சிரிக்கிறவர்களையும் கேட்காதே. எனக்கு லாயக்கு என்று யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. அந்தப் பூண்டுக் காற்றடித்த பிற்பகலில், சாத்தின கதவுக்குப் பின்னால், தனக்குத் தெரியாத பாஷையில் தன் ஒயினைப் பற்றிக் கேட்டு முடித்த அந்த அம்மா கண்ணைத் திறந்தார். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. நீ சொன்னா சரி" என்றார். "பாட்டில்ல அடைக்கச் சொல்லு."